பரிசு-தண்டனைக் கணிதம் படித்தால் வேலை கிடைக்குமா? பிளஸ் டூ மாணவியின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

கணிதத்தில் நன்றாக மதிப்பெண் எடுக்கும் தங்கள் மகள், பரிசும் தண்டனையும் கற்றலை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கணக்காக எழுதும் துறைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அது சோறு போடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடும்; ஆனால் அந்தப் பெயரிலேயே இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

அந்தத் துறையின் அடிப்படை எளிது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்குதான் கற்றலாகிறது என்பதே 1972-இல் உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் முன்வைத்த சமன்பாட்டின் சாரம். பரிசின் மதிப்பு 100, கற்றல் விகிதம் (வித்தியாசத்தில் கற்றலாகும் பங்கு) 0.2 என்று கொண்டால், பூஜ்யத்தில் தொடங்கும் எதிர்பார்ப்பு 20, 36, 48.8 என ஏறும். ஏற்றம் ஒவ்வொரு முறையும் சுருங்கும். தண்டனைக்கும் இதே கணக்குதான். ஓர் ஒலிக்குப் பிறகு மின்னதிர்ச்சி வரும் என்று பழகிவிட்ட எலிகளுக்கு, அந்த ஒலியோடு விளக்கையும் சேர்த்துக் காட்டி அதிர்ச்சி கொடுத்தார் உளவியலாளர் லியோன் கேமின். பின்னர் விளக்கை மட்டும் காட்டியபோது அவை பெரிதாக அஞ்சவில்லை. அதிர்ச்சியை ஒலியே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், விளக்கிடமிருந்து கற்க மிச்சம் ஏதுமில்லை. (மதிப்பெண்ணுக்குப் பைக் என்று பேரம் பேசும் பெற்றோர் இதை வீட்டில் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.)

இந்த எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுசென்று வளர்த்த ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 2024-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. வேலைவாய்ப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், அதாவது செயற்கை நுண்ணறிவில்தான் இருக்கிறது. பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் பெற்ற பி. ரவீந்திரன் நம் சென்னை ஐஐடியிலேயே பேராசிரியர். அவருடைய பாடங்களை என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எனவே நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் மூன்றையும் ஆழமாகக் கற்பிக்கும் பட்டமே தேவை. சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. என் முதல் பரிந்துரை அதுவே. சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பிஎஸ் படிப்பில் ஜேஇஇ எழுதாமலே தகுதிச் சுற்றில் தேறிச் சேரலாம். மாநிலக் கல்லூரியிலோ லயோலாவிலோ புள்ளியியல் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். உளவியல் மட்டும் படித்தால் கணிதம் விட்டுப்போகும். ஆராய்ச்சிப் பணி என்றால் முதுநிலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும். அத்தனை ஆண்டுகள் வருமானம் குறைவாகவே இருக்கும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களுக்கு முன், தங்கள் மகளிடம் மேற்கண்ட சமன்பாட்டை எக்செல்லில் போட்டு, விகிதத்தை 0.05 என்றும் 0.5 என்றும் மாற்றி வரைபடம் எடுத்து வரச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு நேரில் பேசுகிறேன்.