கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதைத் தவிர, வெளிநாட்டில் கூலி வேலை பார்ப்பவருக்கு இந்தியத் தூதரகத்தால் வேறு என்ன பயன்?

குவைத்தில் 14 ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவன் நான். முதல் ஐந்தாறு ஆண்டுகள் எனக்கும் உங்கள் கேள்விதான் மனத்தில் இருந்தது. அதற்குப் பதில் 2016இல், நான் விரும்பாத ஒரு வழியில் கிடைத்தது.

குவைத்தின் ஃபர்வானியா பகுதியில் எங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த அரியலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர், இரவுப் பணி முடிந்து வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. உடல் ஊர் போய்ச் சேர ஒன்பது நாட்கள் ஆயின. நான்காம் நாள் அவருடைய மனைவி என்னை அழைத்து, "எம்பசி நினைச்சா ஒரே நாள்ல அனுப்பிடலாமாமே அண்ணே, நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே" என்றார். ஊரில் யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை என்று அவரிடம் விளக்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. அந்த விளக்கத்தைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஒருவர் இறந்தால், அந்த உடல் முதலில் அந்த நாட்டுச் சட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. சாவில் சந்தேகம் இல்லை என்று அங்குள்ள காவல்துறையும் தடயவியல் துறையும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சகம் இறப்புச் சான்றிதழ் தர வேண்டும். அவை வந்த பிறகுதான் தூதரகத்தின் வேலை தொடங்குகிறது. குடும்பத்தாரின் சம்மதக் கடிதத்தையும் அசல் கடவுச்சீட்டையும் பெற்று, இறப்பைப் பதிவு செய்து, கடவுச்சீட்டை ரத்து செய்து, உடலைக் கொண்டுசெல்லத் தடையில்லை என்று சான்று அளிக்கும். எங்கள் விஷயத்தில் தூதரக மேசையில் ஆன நேரம் அரை நாள்கூட இல்லை. சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப ஊரில் மூன்று நாட்கள் ஆயின. மீதி நாட்களில் பெரும்பகுதி அவருடைய கடவுச்சீட்டைத் தேடுவதில் போயிற்று, ஏனெனில் அது கம்பெனியின் பெட்டகத்தில் இருந்தது, சாவி வைத்திருந்த மண்டூப், அதாவது அரசு அலுவலகக் காரியங்களைப் பார்க்கும் கம்பெனி ஊழியர், விடுப்பில் இருந்தார். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2007 முதல் குவைத்தில் விதி இருந்தும், எங்கள் அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் கையிலும் கடவுச்சீட்டு இல்லை.

தூதரகம் ஆளை அனுப்பி அந்தப் பெட்டகத்தைத் திறந்திருக்கலாமே என்று நான் அன்று கோபப்பட்டேன். அது முடியாது. தூதரகங்களின் வேலையை வரையறுக்கும் 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம், தன் நாட்டையும் அதன் மக்களின் நலனையும் காப்பது தூதரகத்தின் பணி என்று சொல்கிறது. ஆனால் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் என்ற நிபந்தனையும் அதே வரியில் இருக்கிறது. இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று மற்றொரு பிரிவு சொல்கிறது. ஆகவே தொழிலாளர் நலப் பிரிவு அதிகாரி கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினார், மறுநாளும் பேசினார், பிறகு கடிதம் எழுதினார். ஆணையிடும் அதிகாரம் இல்லாதவர் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்தக் கேட்பதற்கு ஓர் அரசாங்கத்தின் கனம் உண்டு என்பதால்தான் ஏழாம் நாள் பெட்டகம் திறந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு தவறான நம்பிக்கை, தூதரகக் கட்டடம் இந்திய மண் என்பது. அது குவைத் மண்தான். தூதரின் அனுமதியின்றி உள்ளூர்க் காவலர்கள் உள்ளே நுழைய முடியாது என்பது மட்டுமே உண்மை. இந்த வேறுபாடு வீட்டு வேலைக்கு வந்து, அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்குத்தான் கடுமையாகப் புரியும். தூதரகம் அவர்களைத் தன் காப்பகத்தில் தங்க வைக்கும், சாப்பாடு போடும், கடவுச்சீட்டு இல்லையென்றால் நாம் அவுட்பாஸ் என்று சொல்கிற அவசரச் சான்றிதழையும் கொடுக்கும். ஆனால் அந்தத் தாள் இந்தியாவுக்குள் நுழைவதற்கான உரிமை மட்டுமே. குவைத்தை விட்டு வெளியேறும் அனுமதியைக் குவைத்துதான் தர வேண்டும். கஃபீல், அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்த முதலாளி, அந்தப் பெண் ஓடிப்போனதாகப் புகார் கொடுத்திருந்தால், அது தீரும்வரை விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. 2018 தொடக்கத்தில் குவைத் அரசு பொது மன்னிப்பு அறிவித்தபோது, இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி முடிந்து ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அவுட்பாஸுக்காகத் தூதரகத்தில் வரிசையில் நின்றார்கள். அதே அவுட்பாஸுக்கு அதற்கு முந்தைய மாதம் அந்த மதிப்பு இல்லை.

தூதரகம் அங்கே இருப்பதே அந்த நாட்டின் சம்மதத்தால்தான். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்த ஈராக், அங்குள்ள தூதரகங்களை மூடச் சொன்னபோது, இந்தியா தன் தூதரகத்தை ஈராக்கின் பாஸ்ராவுக்கு மாற்றியது. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பாக்தாதோடு பேச்சு அறுந்துபோகாததால்தான் ஈராக் வழியாகச் சாலையில் ஜோர்டானுக்கு ஆட்களைக் கொண்டுபோக முடிந்தது. ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியாவின் ஏறத்தாழ 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். வீறாப்பாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருந்தால் அந்த மக்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து, தமிழகத்தைச் சேர்ந்த ஏழு பேர் உள்பட 45 இந்தியர்கள் இறந்தபோது, இந்திய விமானப்படையின் விமானம் 14ஆம் தேதியே உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்ட நிலையிலும் இரண்டு நாட்கள். "அப்போது முடிந்தது, எங்களுக்கு ஏன் முடியவில்லை?" என்று கேட்கத் தோன்றும். இரு அரசுகளின் மேல்மட்டமும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டால் அதே தாள்கள் அந்த வேகத்தில் நகரும். தனி ஒருவரின் சாவில் ஒவ்வொரு தாளும் தன் வரிசையில் நிற்கும். இது எனக்கு உவப்பான பதில் அல்ல.

இந்திய அரசாங்கத்துக்குத் தூதரகம் செய்து தரும் எண்ணெய், முதலீடு, அரசியல் அறிக்கை போன்ற வேலைகளை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். சிறையில் இருப்பவர்களைச் சந்திப்பது மட்டும் கட்டாயம் அறிய வேண்டியது. கைதானவர் கேட்டுக்கொண்டால், தாமதமின்றி அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் மற்றொரு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவு. பாகிஸ்தான் உளவாளி என்று சொல்லிக் கைது செய்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், அந்நாடு அதை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் 15க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கேட்டால்தான் தெரிவிப்பார்கள் என்பதை நம் ஆட்கள் பலர் அறிவதில்லை.

பணம் பற்றியும் கேட்டுவிடுவீர்கள். உடலை அனுப்பும் செலவை முதலாளி ஏற்க மறுத்தால், 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து தூதரகம் கொடுக்கலாம். அது தானம் அல்ல. தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை அதற்காகவே வசூலிக்கப்படுகிறது. எங்கள் கம்பெனி விமானச் செலவைக் கொடுத்தது, பணிக்கொடையைக் கொடுக்கவில்லை. தூதரகத்தின் யோசனைப்படி இறந்தவரின் மனைவி அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப, அதை வைத்துத் தொழிலாளர் துறையில் வழக்குப் போடப்பட்டது. 14 மாதங்கள் கழித்து, வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்படி அவருக்குக் கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்.