11 வயதுக் காவல் நாய்க்குக் கட்டி அறுவை: தாங்குமா, அதற்குப் பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக் காவல் நாய்க்கு 11 வயது முடிந்துவிட்டது. ஆண், எடை 24 கிலோ. வலது விலாப்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி ஒரு வருடமாக இருக்கிறது. இப்போது வேலிக் கம்பியில் உரசி உரசி மேல்தோல் புண்ணாகிவிட்டது. சின்ன அறுவைதான், எடுத்துவிடலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குமா? பின்னங்கால் மூட்டு பிடித்துக்கொள்கிறது, காதும் மந்தம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? மாட்டுக்கு வாங்கி வைத்த வலி ஊசி மீதம் இருக்கிறது, அதையே போடலாமா?

பதில்: வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் கேட்டதிலேயே நாயின் உயிருக்கு ஆபத்தானது அதுதான். போடாதீர்கள். அந்தக் குப்பியில் இருப்பது மெலாக்சிகாம் என்றால், அதே மருந்தை நாய்க்கும் கொடுப்பார்கள், ஆனால் அளவு வேறு. நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாள் முதல் 0.1. உங்கள் 24 கிலோ நாய்க்கு முதல் நாளே 5 மில்லிகிராம்கூட வராது. மாட்டு மருந்துகள் சிலவற்றில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும், அப்படியானால் அதில் கால் மில்லிதான் நாயின் அளவு. கை பழகிய பழக்கத்தில் 5 மில்லி ஏற்றிவிட்டால் 100 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு; சிறுநீரகமும் குடலும் தாங்காது. குப்பியில் டைக்ளோஃபெனாக் என்று எழுதியிருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம். நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இதுவரை இதில் எதையாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை கொடுத்து வந்தாலும் சொல்லுங்கள். அந்த மாத்திரை ஸ்டீராய்டாக இருந்து, அது உடம்பில் இருக்கும்போது மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும்.

சரி, மயக்க மருந்துக்கு வருவோம். "வயசாயிடுச்சு, வேண்டாம்" என்று தள்ளிப்போட்டு, கட்டி இளநீர் அளவுக்கு வளர்ந்த பிறகு கூட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அப்போது சின்ன அறுவை பெரிய அறுவையாகிவிடுகிறது. வயது ஒரு நோய் இல்லை. ஆனால் வயதான உடம்புக்குள் வெளியே தெரியாத நோய் ஒளிந்திருக்கலாம், பயப்பட வேண்டியது அதற்குத்தான். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஏறத்தாழ 98,000 நாய்களைக் கணக்கெடுத்தார்கள். மயக்க மருந்தை ஒட்டி இறந்தவை மொத்தத்தில் 10,000க்கு 17. ஆரோக்கியமானவற்றை மட்டும் எடுத்தால் 10,000க்கு 5தான், ஏற்கெனவே நோய் இருந்தவற்றில் 133. பன்னிரண்டு வயதைத் தொட்ட நாய்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அதிலேயே தெரிந்தது, உங்கள் நாய் அந்த வாசலில்தான் நிற்கிறது. அதனால் உங்கள் நாய் இந்த இரண்டு கூட்டத்தில் எதில் சேரும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை: சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், அதோடு கல்லீரல், சர்க்கரை, ரத்த அணுக்கள். இதயத்தில் சத்தம் ஏதாவது கேட்டால் எக்ஸ்ரேயோ ஈசிஜியோ எடுக்கச் சொல்வார். தோட்டத்து நாய் என்பதால் இன்னொன்றையும் கேளுங்கள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை. உண்ணிக் காய்ச்சல் சில நாய்களில் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், நாய் நன்றாகத்தான் சாப்பிடும், குரைக்கும், ஆனால் பிளேட்லெட் இறங்கியிருக்கும், கத்தி வைத்தால் ரத்தம் உறையாமல் வழியும். முன்கூட்டியே தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு அறுவையைத் தள்ளி வைக்கலாம்.

அப்புறம் அந்தக் கட்டி எந்த வகை என்று பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மெல்லிய ஊசியால் குத்தி உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். வயதான நாய்களுக்குக் கொழுப்புக் கட்டி வருவது சகஜம், அது உரசாமல் தொந்தரவில்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். உங்கள் நாய்க்குப் புண்ணாகிவிட்டதால் எடுப்பதுதான் நல்லது. ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்று ஒன்று உண்டு, தொட்டால் கொழுப்புக் கட்டி போலவே இருக்கும், சில நாள் வீங்கும், சில நாள் வற்றும், அது புற்றுநோய். அதுவாக இருந்தால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுக்க வேண்டும். கத்தி வைப்பதற்கு முன்பே இது தெரிந்தால்தான் ஒரே தடவையில் வேலை முடியும். அதுவரை கட்டியைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். கொழுப்புக் கட்டிதான், சின்னதுதான் என்று தெரிந்துவிட்டால், முழு மயக்கம் இல்லாமல் லேசான தூக்க மருந்தும் அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசியும் போட்டு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில நாய்களுக்கு முடியும். துள்ளுகிற நாய்க்கு முழு மயக்கமே பாதுகாப்பு.

நாள் குறிப்பதை மருத்துவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. கத்தியும் தையலும் ஒரு மணி நேர வேலை, அதற்குப் பிறகு பதினான்கு நாள் உங்கள் வேலை. அறுவடையோ நடவோ நடக்கும் வாரத்தில் வைத்தால் யார் நாயைப் பார்ப்பது? வீட்டில் ஒருவராவது முதல் மூன்று நாள் கூடவே இருக்கிற மாதிரி, வேலை குறைந்த இரண்டு வாரமாகப் பாருங்கள். புண் சீழ் பிடித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

அறுவைக்கு முந்தின நாள் குளிப்பாட்டி உண்ணி எடுத்துவிடுங்கள், அந்தப் புண்ணில் மட்டும் சோப்பு படாமல். தையல் பிரிக்கும்வரை குளியல் கிடையாது. இரவு உணவை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார், ஆனால் தண்ணீரை இரவே எடுத்துவிடாதீர்கள், வயதான சிறுநீரகத்துக்குத் தண்ணீர் முக்கியம், காலையில் கிளம்பும்போது எடுத்தால் போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். முக்கியமாக, அன்று இரவு நாயைக் கட்டி வையுங்கள். தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட நாய் எங்கே எதைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்? கன்று போட்ட நஞ்சுக்கொடியை இழுத்துத் தின்றுவிட்டு வயிறு நிறைய வந்து மேஜையில் படுத்த நாய் உண்டு. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை.

மூட்டு பிடிப்பதை அறுவைக்கு முன்பே நினைவூட்டுங்கள். மயக்கத்தில் கிடக்கும் நாயின் காலை இழுத்துக் கட்டினால் அதற்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, மறுநாள்தான் எழுந்திருக்க முடியாமல் தெரியும். கீழே மெத்தென்று விரித்து, காலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்க ட்ரிப் ஏற்றுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அதுதான். பிறகு, அவசரப்பட்டுத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். நான் சொன்ன அந்தக் கணக்கெடுப்பில் இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதி அறுவை முடிந்த பிறகுதான் இறந்தன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். தானாக எழுந்து நின்று நாலடி நடக்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.

வீட்டில் இடம் தொழுவத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், சாணமும் ஈயும் இருக்கிற இடம். வழுக்காத தரை, படி ஏற வேண்டாத அறை, தரையில் தடிமனான விரிப்பு. வாசல் தெரியாத மூலையாக இருந்தால் இன்னும் நல்லது, மாடு வெளியே போவதைப் பார்த்தால் காவல் நாய் படுத்திருக்குமா? முதல் இரவு அதற்குக் குளிரும், போர்த்துங்கள், ஆனால் வெந்நீர்ப் பாட்டிலை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள், மயக்கத்தில் நகரத் தெரியாமல் தோல் வெந்துவிடும். காது மந்தம் என்கிறீர்கள், பாதி மயக்கத்தில் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் நீங்கள்தான் என்று தெரியாமல் கடிக்கக்கூடும். முன்பக்கமாக வந்து உட்கார்ந்து, கையை மூக்குக்கு முன்னால் தரையில் வையுங்கள், மோந்து பார்த்து அது உங்களை அறிந்த பிறகு தடவுங்கள். குழந்தைகளையும் மற்ற நாய்களையும் அன்று அண்ட விடாதீர்கள்.

நன்றாக விழித்த பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, உணவு வழக்கத்தில் கால் பங்கு. முனகல், தடுமாற்றம், மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் போட்டதால் ஓரிரு நாள் லேசான இருமல் எல்லாம் இருக்கும். மலம் இரண்டு மூன்று நாள் வராமல் இருக்கலாம், கவலை வேண்டாம். சிறுநீர் ஒரு நாளுக்குள் போக வேண்டும், போகவில்லை என்றால் சொல்ல வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நலமாக இருக்கும்போது என்ன நிறம் என்று. விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்துக் கிடந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். மறுநாளும் எழவே மாட்டேன் என்றாலும், வலி மருந்து ஆரம்பித்த பிறகு வாந்தியோ கறுத்த மலமோ வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். நாய் வலியைக் கத்திச் சொல்லாது. படுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும், முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். அப்படி இருந்தால் வலி மருந்து போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிவிடும் கூம்பு விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த 13 வயது நாய்க்கு வயிற்றோரம் கட்டி எடுத்தோம். ஐந்து நாள் நன்றாகப் போனது, தையல் காய்ந்து அழகாக இருந்தது, ஆறாம் நாள் சாப்பிடும்போது கூம்பு தட்டில் இடிக்கிறதே என்று கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் மூன்று தையல் இல்லை, புண் வாய் திறந்து கிடந்தது, நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே நக்கிக்கொண்டிருந்தது. மறுபடி மயக்கம், மறுபடி தையல், அந்த வயதில் அதற்கு இரண்டாம் தடவை அந்தப் பாடு என்னால்தான் வந்தது, இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. சிரைத்த முடி முளைக்கும்போது அரிக்கும், நன்றாக ஆறி வருகிறது என்று நாம் நினைக்கும் நாள்களில்தான் நக்கும். கூம்பு மூக்கைத் தாண்டி இரண்டு விரல் நீளம் இருக்க வேண்டும். சாப்பிடும்போது தட்டைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், கழற்ற வேண்டாம். விலாப்பக்கம் என்பதால் உங்கள் பழைய பருத்திச் சட்டையைப் போட்டு இடுப்பில் முடிந்தும் விடலாம். ஈயும் உட்காராது, ஆனால் தினமும் மாற்றித் துவைக்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

ஈ என்றதும் சொல்கிறேன், தோட்டத்தில் எனக்கு அதிக பயம் அதில்தான். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும், புண்ணில் புழு வைத்துவிட்டால் தையல் எல்லாம் வீண். காலையும் மாலையும் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள், நாற்றம் வந்தால் அன்றே காட்டுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கையில் கிடைத்த எண்ணெய், பொடி எதுவும் தையலில் வேண்டாம், ஆறுகிற சதையை அவை கெடுக்கும். ஈ அண்டாத மருந்தை மருத்துவரே கொடுப்பார், அதைச் சுற்றிலும் போடுங்கள். கட்டி இருந்த இடம் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் நீர் கோத்துத் தொளதொளவென்று வீங்கக்கூடும், சூடும் வலியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாக வற்றும், மருத்துவருக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், நீங்களே ஊசி குத்தி எடுக்காதீர்கள்.

மூட்டு பிடிக்கிற நாயை இரண்டு வாரம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் மூட்டு இன்னும் இறுகும். நாளுக்கு நாலைந்து தடவை கயிற்றில் பிடித்து ஐந்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள், ஓட்டமும் தாவலும் கிடையாது. அதிகம் எழாமல் கிடந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, தையல் இல்லாத பக்கத்துக்கும் மார்புப் பக்கத்துக்கும் மாற்றிப் படுக்க வையுங்கள்.

தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், வயதான தோல் என்பதால் பதினாலுக்கே போங்கள். பிரித்த அன்றே வேலைக்கு அவிழ்த்துவிடாதீர்கள், வெளியே ஒட்டியிருந்தாலும் அந்தத் தோலுக்குப் பழைய வலுவில் சிறு பங்குதான் வந்திருக்கும், இன்னும் ஒரு வாரமாவது கயிற்றிலேயே இருக்கட்டும். எடுத்த கட்டியை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஊசியில் தெரியாதது அதில் தெரியும். அந்த வாரத்துக்குள் உரசின வேலிக் கம்பியை மடக்கிக் கட்டிவிடுங்கள், நாய் திரும்ப வந்தால் முதலில் அந்த வழியாகத்தான் நுழையும்.