எல்லாம் தெரிந்த மருத்துவ மாணவர்களே குடிப்பதும் போதை ஊசி போடுவதும் ஏன்?

தம்பி இந்த ஆண்டு எம்பிபிஎஸ் சேரவிருப்பதாகவும், கல்லீரல் எப்படிக் கெடுகிறது என்று படிக்கிறவர்களே எப்படிக் குடிக்கிறார்கள் என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை ஆண்டுகள் விடுதியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெரிந்திருப்பது எங்களைக் காக்கவில்லை. அளவு தெரியும், நினைத்தால் நிறுத்திவிடலாம் என்ற துணிச்சலைத்தான் அது கொடுத்தது. கோகெயின் நரம்பை மரத்துப்போகச் செய்வதை 1884-இல் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதற்கே அடிமையானார், பின்னர் மார்ஃபினுக்கும்.

என் அறைத்தோழன் முதலாண்டில் சீனியர்கள் கொடுத்த பீரில் தொடங்கினான். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது கடைசி ஆண்டுப் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, காலையில் குடிநோயாளி ஒருவரின் வீங்கிய வயிற்றிலிருந்து என்னுடன் நின்று நீர் எடுத்தவன், அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று குடித்தான். சில மாதங்களில் வலது காலை விறைப்பாக வைத்து நடக்கத் தொடங்கினான். கால்பந்தில் அடிபட்டதாகச் சொன்னதை நான் நம்பினேன். ஒருநாள் கட்டிலில் அயர்ந்து கிடந்தபோதுதான் அவன் தொடையைப் பார்த்தேன். தோல் கறுத்து, தொட்டால் மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. வார்டில் வலிக்குப் போடும் பென்டசோசின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் தோலும் தசையும் அப்படித்தான் ஆகும். ஒரே அறையில் இருந்தும் அதுவரை கவனிக்காமல் விட்டதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகும் அவன் சிகிச்சைக்குச் செல்ல எட்டு மாதங்கள் ஆயின. எங்கள் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு எழுதுபவன் வகுப்புத் தோழன். மருந்து எழுதுபவர் எங்களுக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு எடுத்த ஆசிரியர். விஷயம் வெளியே தெரிந்தால் மருத்துவராகத் தொழில் செய்வதற்கான பதிவு எண் கிடைக்காது, காவல்துறை வரும் என்று அவன் நடுங்கினான். போதையைவிட இந்தப் பயம்தான் எங்களிடையே அதிகக் கேடு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கடைசியில் வேறு ஊர் மருத்துவமனையில்தான் சேர்ந்தான்.

அன்று எங்கள் இருவருக்குமே சட்டம் தெரியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே கொள்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அடிமைப்பட்ட நிலையில் தாமாகவே அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சேர்ந்து சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தம்பி விடுதிக்குக் கிளம்பும் முன் இந்த எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். தேவைப்பட்டால் வேறு ஊரில் சிகிச்சை பார்க்க நீங்களே உடன் வருவீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். என் தோழனுக்கு அப்படிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.