வளைத்த கண்ணாடியை எவ்வளவு மெதுவாக ஆறவிடுவது?

கேள்வி: 10 அங்குல விட்டத்தில் எஃப்/4 (குவியதூரம் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு) தொலைநோக்கி ஆடி செய்யப்போகிறேன். 19 மி.மீ. தடிமனுள்ள ஃபுளோட் கண்ணாடியைப் (ஜன்னலுக்குப் போடும் சாதாரணத் தட்டைக் கண்ணாடி) பீங்கான் அச்சில் வைத்து மின்சூளையில் வளைத்துவிட்டால் தேய்க்கும் வேலை குறையும். வளைந்ததும் சூளையை அணைத்து, இரவு முழுக்கத் திறக்காமல் விட்டால் அனீலிங் (மெதுவாக ஆறவைத்து உள் இறுக்கத்தைப் போக்குவது) ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. இந்த ஆடிக்கு நடுவில் சுமார் 4 மி.மீ. குழி வேண்டும் என்பதால் வளைத்துக்கொள்ளும் யோசனை நல்லதுதான். (தட்டைக் கண்ணாடியை அப்படியே தேய்ப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை, ஃபுளோட் கண்ணாடி ஆலையிலேயே அனீலிங் ஆகித்தான் வருகிறது.) ஆனால் அணைத்த சூளை தொடக்கத்தில்தான் மளமளவென்று சூட்டை இழக்கும். நிதானம் வேண்டியதும் அப்போதுதான்.

இந்தக் கண்ணாடி 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன் உள் இறுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே தளர்த்திக்கொள்ளும். 510க்குக் கீழே போனால் அநேகமாக முடியாது. இந்த இடைவெளியைக் கடக்கும்போது மேல்பரப்புக்கும் உள்பகுதிக்கும் எவ்வளவு வெப்ப வித்தியாசம் இருக்கிறதோ, அது ஆறியபின் இறுக்கமாகத் தங்கிவிடும். தேய்க்கும்போது விரிசல் விடலாம். விடாவிட்டாலும், கண்ணாடியை அரைத்தெடுக்க எடுக்க வடிவம் நெளியும். நானோமீட்டர் கணக்கில் பரப்பைச் சரிசெய்யும் வேலைக்கு அது ஒத்துவராது.

தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்றும் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கவேண்டும். உங்கள் கண்ணாடி 19 மி.மீ.தான். ஆனால் அடியில் இருக்கும் அச்சு சூட்டைப் பிடித்துவைக்கும், மேல்பக்கம் மட்டும் முந்திக்கொண்டு ஆறும். ஆகவே 38 மி.மீ. என்றே கணக்குப் போடுங்கள். 550இல் 6 மணி நேரம் நிறுத்துங்கள். அங்கிருந்து 475 வரை மணிக்கு 7 டிகிரி, 370 வரை 12 டிகிரி, அப்புறம் 40 டிகிரி. மொத்தம் ஒன்றரை நாள் ஆகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடவேண்டாம்.

வெப்பத்தைத் தானாகவே சொன்ன வேகத்தில் குறைக்கும் கண்ட்ரோலர் இல்லாத சூளையில் இதைக் கையால் செய்வது நடக்காத காரியம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் கண்ணாடி உடையவில்லை என்றால் பாழாகிவிடவில்லை. நிதானமாக மறுபடி 550க்கு ஏற்றி, முதலிலிருந்து ஆற்றலாம்.

தேய்க்க உட்காரும் முன் ஒரு சோதனை. கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, போலராய்டு மூக்குக் கண்ணாடி வழியே பார்த்தபடி, திரை இருண்டுபோகும் வரை தலையைச் சாய்த்துப் பாருங்கள். இப்போது ஆடியைத் திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடியுங்கள். விளிம்போரம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மங்கலான வெளிச்சம் தெரிந்தால் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று திட்டுத்திட்டாகத் தெரிந்தால், தேய்க்கும் கார்போரண்டம் பொடியை எடுக்காதீர்கள்; இன்னும் மெதுவான வேகத்தில் சூளைக்கே திருப்பி அனுப்புங்கள்.