முதலில் சூப்பர்வைசர் லாகினைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: திருப்பூரில் 220 பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனத்தில் எச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். இதுவரை எக்செல், கைரேகை மெஷின், பேப்பர் ஃபைல் என்று ஓட்டிவிட்டோம். இப்போது முதலாளி கிளவுட் எச்.ஆர். சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறார். விற்க வருகிறவர்கள் எல்லோரும் "ஐ.எஸ்.ஓ. 27001 இருக்கிறது மேடம், பயப்படாதீங்க" என்கிறார்கள். தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரங்கள் வெளியே போகாமல் இருக்க எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தகவல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான அந்த ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் மோசமானதல்ல. ஆனால் அது எந்தெந்த வேலைகளுக்குப் பொருந்தும் என்று அதிலேயே ஒரு வரி இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் சம்பள மென்பொருள் அந்த வரிக்குள் வருகிறதா என்று படித்துப் பாருங்கள். அதற்கு மேல் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நான் பார்த்தவரை, திருட வருகிற ஹேக்கரைவிட, பார்க்க வேண்டாததைப் பார்க்க முடிகிற உள் ஆட்களால்தான் தொல்லை அதிகம். டெமோவுக்கு வருபவர் அட்மின் லாகினைத்தான் திறப்பார். அதில் எல்லாமே அழகாகத் தெரியும். "லைன் சூப்பர்வைசராக உள்ளே போய்க் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தன் லைனில் இன்று யார் வந்தார், யார் லீவு என்று தெரிந்தால் அவருக்குப் போதும். அந்த லீவு கருச்சிதைவுக்கா, டி.பி. சிகிச்சைக்கா என்பது அவருக்கு எதற்கு? சம்பளம் போடுபவருக்கு வங்கிக் கணக்கு எண் வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வேண்டாம். பி.எஃப். கணக்கோடு இணைக்க ஆதார் எண் தேவைதான். ஆனால் அன்றாடம் திரையில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும். அடுத்து, ஒருவருடைய ஃபைலை யார், எப்போது திறந்தார்கள், மொத்தப் பட்டியலையும் எக்செல்லாக இறக்கியது யார் என்ற பதிவைக் காட்டச் சொல்லுங்கள். "அது அடுத்த வெர்ஷனில் வரும்" என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, மென்பொருளில் எதை வேண்டுமானாலும் எழுத விட்டிருக்கும் 'குறிப்புகள்' என்ற காலிப் பெட்டி. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து வந்தவர்களிடம் மேலாளர்கள் நலம் விசாரித்து, அவர்களுடைய நோய், குடும்பப் பிரச்சினை, மத நம்பிக்கை வரை எழுதிவைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் கணினியில் நடந்த ஒரு செட்டிங் பிழையால் அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தன. அடுத்த ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரி விதித்த அபராதம் சுமார் 3.53 கோடி யூரோ. எழுதாமல் இருந்திருந்தால் கசிய எதுவுமே இருந்திருக்காது. அந்தப் பெட்டியை மூடிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கைரேகை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. கைரேகையைப் பார்த்துக் கதவைத் திறக்கும் பயோஸ்டார் 2 என்ற அமைப்பில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் கைரேகைத் தரவு பாதுகாப்பின்றிக் கிடந்ததை 2019இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் மெஷினில் இருக்கும் ரேகை மெஷினிலேயே இருக்கட்டும். மென்பொருளுக்குத் தொழிலாளி எண், வந்துபோன நேரம் இரண்டு மட்டும் போகட்டும். கார்டு போதுமென்றால் இன்னும் நல்லது. மெஷின் வந்தபோது இருந்த பாஸ்வேர்டையே இன்னும் வைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். வேலை தொடர்பான தேவைக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பல மென்பொருள்களில் சம்பள முன்பணம், காப்பீடு என்று வெளி நிறுவனங்களுக்கான இணைப்புகள் ஒட்டிக்கொண்டு வரும். அவை இந்தச் சலுகைக்குள் அடங்கும் என்று நம்பாதீர்கள். முதல் நாளே அணைத்துவையுங்கள்; தேவைப்பட்டால் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வசதி இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு ஒடியாவில் கொடுங்கள்.

விற்றவர் கையில் தரவு கசிந்தாலும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்குத்தான். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிவு தெரிந்தால் தொழிலாளர்களுக்குத் தாமதமின்றிச் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு முழு விவரம் தர வேண்டும். ஆகவே "கசிவு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்வோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விட்டு விலகும்போது தரவை எந்த வடிவில் தருவார்கள், பேக்கப் பிரதிகளை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். இதில் இழுத்தடிப்பவரிடம் வாங்காதீர்கள், விலை பாதியாக இருந்தாலும்.

இத்தனையும் செய்துவிட்டு, ஆட்களைச் சேர்க்கும்போது வாங்கிய ஆதார் போட்டோக்கள் யாருடைய வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கின்றன என்று இன்றே ஒருமுறை தேடிப் பாருங்கள். அவற்றை அழிக்க எந்த மென்பொருளும் வேண்டாம்.