உணவில் கிருமி தேடும் வேலை: காரிமங்கலத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படித்த தங்கள் மகள், நீட் தேர்வு மதிப்பெண் கைகொடுக்காத நிலையில், நுண்ணுயிரியல் படித்து உணவிலுள்ள நோய்க்கிருமிகளைக் கண்டறியும் பணிக்குச் செல்ல விரும்புகிறார். தாங்களோ, கிருமியோடு பழகும் வேலை ஒரு பெண்ணுக்கு எதற்கு என்றும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதற்கு எங்கே வேலை கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை சொன்னால் அது வெறும் ஆறுதலாகிவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பால்பொடி மாதிரி ஒன்று ஆய்வகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 கிராம் எடுத்துச் சோதித்தால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கவே கூடாது என்பது விதி. ஆனால் அந்த 25 கிராமில் தீங்கற்ற பாக்டீரியாக்கள் ஏராளமாக இருக்க, நாம் தேடுவது ஒன்றோ இரண்டோதான் இருக்கக்கூடும். அதுவும் பால் உலர்த்தப்பட்டபோது பட்ட சூட்டில் அரை உயிராகக் கிடக்கும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது அகப்படாது. எனவே அந்த 25 கிராமை 225 மில்லிலிட்டர் சத்துநீரில் கலந்து, ஏறத்தாழ 37 டிகிரி வெப்பத்தில் 18 மணி நேரம் வைத்து, முதலில் அதைத் தேற்றுகிறார்கள். மறுநாள் அதில் சிறிதளவு எடுத்து, மற்றவற்றை அடக்கி இதை மட்டும் வளரவிடும் வேறொரு நீர்மத்தில் 41.5 டிகிரியில் வைக்கிறார்கள். தக்காளி நாற்று விடுபவருக்கு இது புதிதாக இராது: முதலில் எல்லாவற்றையும் முளைக்கவிட்டு, பிறகு களையெடுப்பதுதான் இங்கும் நடக்கிறது. மூன்றாம் நாள், பாக்டீரியாவுக்கு உணவாகும் வளர் ஊடகம் ஊற்றிய தட்டில் கோடிழுத்துப் பரப்பினால், சிவந்த தட்டில் நடுவே கருமை கொண்ட புள்ளிகளாகச் சந்தேகத்துக்குரியவை தோன்றும். அவற்றையும் உடனே நம்பிவிடாமல், வேதிச் சோதனையாலும், அந்தக் கிருமியோடு மட்டும் ஒட்டும் எதிர்பொருள் கொண்ட எதிர்ப்புச் சீரத்தாலும் உறுதி செய்த பிறகே அறிக்கை எழுதுவார்கள். இல்லை என்று சொல்வதற்கே மூன்று நாளுக்கு மேல் ஆகும். இருக்கிறது என்று சொல்ல இன்னும் ஓரிரு நாள் கூடும்.

இப்போதெல்லாம் இயந்திரமே செய்துவிடுகிறதே என்று தங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் குறிப்பிட்டது பி.சி.ஆர். முறையாக இருக்கலாம். 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்து, 1993இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த முறை, கிருமியின் மரபணுத் துண்டைச் சில மணி நேரத்தில் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடும் என்பது உண்மையே. ஆனால் பாலின் கொழுப்பும் மசாலாப் பொருள்களில் உள்ள சில சேர்மங்களும் அந்த வினையைத் தடுக்கக்கூடும். செத்துப்போன பாக்டீரியாவின் மரபணுவும் உயிருள்ளதைப் போலவே கணக்கில் வந்துவிடக்கூடும். ஆகவே அங்கும் முதல் இரவு சத்துநீரில் வளர்ப்பது பெரும்பாலும் தவிர்க்க முடியாத வேலையாகவே இருக்கிறது. முடிவைப் படித்து நம்புவதா, மறுபடி சோதிப்பதா என்று தீர்மானிக்கும் ஆளும் தேவைப்படுகிறார்.

வைரஸ் இன்னும் கடினம். நோரோ வைரஸும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உணவில் பெருகுவதில்லை. வெறுமனே ஒட்டிக்கொண்டு வருகின்றன. சத்துநீரில் வளர்த்து எடுக்கும் வழி இல்லாததால், கீரை அல்லது பழத்தின் மேற்பரப்பைக் கழுவி, அந்த நீரைச் செறிவாக்கி, அதிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துத் தேட வேண்டும். தீங்கற்ற வேறொரு வைரஸைத் தெரிந்த அளவில் முன்கூட்டியே கலந்துவிட்டு, கடைசியில் அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்துத்தான் தம் கைவேலை சரியாக இருந்ததா என்பதை ஆய்வாளர்களே அறிந்துகொள்கிறார்கள். வைரஸ் தேடும் இந்த வேலையில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பதால், முதுகலைக்குப் பிறகும் படிக்கும் மனமிருந்தால் தங்கள் மகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆய்வகத்தில் தொற்று ஏற்பட வாய்ப்பே இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்புப் பெட்டி, கையுறை, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் அவித்த பின்பே வெளியேற்றும் வழக்கம், ஆய்வக மேசையில் எதையும் உண்ணாத ஒழுக்கம் ஆகியவை இருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கருவைப் பாதிக்கும் என்பதால், கருவுற்ற பெண்கள் அந்தச் சோதனையிலிருந்து விலகியிருக்க வேண்டும். நல்ல ஆய்வகங்கள் அப்படி மாற்றுப் பணி கொடுக்கின்றன. இதைத் தங்கள் மகளிடமும் மறைக்காதீர்கள்.

இனி உள்ளூர் வேலை. கிருஷ்ணகிரி என்றால் மாங்கூழ் ஆலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு வேலை இருப்பதும் உண்மை. ஆயினும் பெங்களூரா என்ற மாம்பழ ரகத்தின் கூழில் அமிலம் மிகுதி என்பதால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதில் பெருகுவதில்லை. ஆலை ஆய்வகத்தில் அன்றாடம் எண்ணுவது ஈஸ்ட், பூஞ்சை, மொத்த பாக்டீரியா எண்ணிக்கை, அமிலத்துக்கும் சூட்டுக்கும் அசையாமல் கூழில் மருந்து வாடை ஏற்றிவிடும் அலிசைக்ளோபேசில்லஸ் போன்றவற்றைத்தான். நோய்க்கிருமியை வளர்க்கும் சோதனையை ஆலைக்குள் வைத்துக்கொள்ளத் தயங்கி, வெளி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். அதோடு அது பருவ வேலை. என்னிடம் ஆலோசனை பெற்ற காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருவர் மே மாதம் ஒரு கூழ் ஆலையில் சேர்ந்தார். ஆகஸ்டில் பழம் ஓய்ந்ததும் அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் தட்டு போடும் கை அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; அதை வைத்துத்தான் பெங்களூருவில் நிலையான வேலைக்குப் போனார்.

எனவே நோய்க்கிருமிச் சோதனையே குறிக்கோள் என்றால், பால், முட்டை, இறைச்சி, இறால் ஆகியவற்றைச் சோதிக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கும் சென்னையிலும் ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் பல உள்ளன. பக்கத்திலேயே நாமக்கல் முட்டை இருக்கிறது. சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தொடக்கச் சம்பளத்தை ஐ.டி. நிறுவனத்தோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைவாகத்தான் இருக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.எஸ்சி. நுண்ணுயிரியலோடு நிறுத்தினால் இத்துறையில் வெகுதூரம் போவது கடினம் என்பது என் கருத்து, எம்.எஸ்சி. வரை ஐந்து ஆண்டு என்று இப்போதே திட்டமிடுங்கள். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்தை விரும்பினால், பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கேட்பார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர் மத்திகிரியில் கோழியினத் தொழில்நுட்பத்தில் பி.டெக். நடத்தும் கால்நடைப் பல்கலைக்கழகக் கல்லூரி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அரசுப் பணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான கல்வித் தகுதிகளில் நுண்ணுயிரியல் பட்டமும் ஒன்று. உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கு முதுகலைப் பட்டம், மூன்று ஆண்டு பகுப்பாய்வு அனுபவம், தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) நடத்தும் தேர்வில் தேர்ச்சி ஆகியவை வேண்டும். இப்பணியிடங்களுக்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று எண்ணிக் காத்திருப்பது சரியல்ல. தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்து வசதியையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை, ஒரு தட்டை எத்தனை மாணவிகள் பகிர்ந்துகொள்கிறார்கள், ஊடகத்தை மாணவிகளே தயாரிக்கிறார்களா அல்லது உதவியாளர் ஊற்றி வைக்கிறாரா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒரு தட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கும் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினாலும், நேர்முகத் தேர்வில் பாக்டீரியாவைத் தட்டில் பரப்பும் வளையக் கம்பியைக் கையில் கொடுத்ததும் உண்மை தெரிந்துவிடும்.

மகளிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நாள் காத்திருந்து, எழுதிவைத்த குறிப்பில் ஒரு வெப்பநிலை விடுபட்டிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய அவருக்குப் பொறுமை இருக்குமா? இருக்கும் என்று அவர் தயங்காமல் சொன்னால், தாங்கள் தடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்று குறிப்பிட்டிருப்பதால், மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்துக்குக் கல்லூரியில் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். என்னைப் பார்க்க வரும்போது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகியவற்றோடு மகளையும் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகள் தங்கள் கடிதத்தில் இல்லை.