தலைவர் பதவி இழப்பாரா என்ற கணிப்புச் சந்தையில் எதைப் பார்க்க வேண்டும்?

கணிப்புச் சந்தை என்பது ஒரு நிகழ்வு நடக்குமா இல்லையா என்று பணம் வைத்து 'ஆம்' அல்லது 'இல்லை' பங்கு வாங்கும் இடம். 'ஆம்' பங்கு 30 சதம் என்றால் சந்தை ஏறத்தாழ 30% வாய்ப்புக் கொடுக்கிறது: நடந்தால் 1 டொலர், இல்லையேல் பூச்சியம். பணம் கரைவது பெரும்பாலும் தீர்வு விதியை, அதாவது எது நடந்தால் 'ஆம்' வென்றதாகக் கொள்ளப்படும் என்ற விதியை, வாசிக்காததால்தான்.

இலங்கையில் 2022 ஜூலையைப் பாருங்கள். 13ஆம் திகதி விலகுவதாக அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய அறிவித்திருந்தார். அன்று மாலைதீவுக்குப் போனார், பிரதமர் ரணில் பதில் ஜனாதிபதியானார். இராஜினாமாக் கடிதமோ 14இல்தான் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. சபாநாயகர் அறிவித்தது 15இல். '13க்குள் பதவி இழப்பாரா' என்றொரு ஒப்பந்தம் இருந்திருந்தால் 'இல்லை'தான் வென்றிருக்கும், ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகம் முழுக்க ஆர்ப்பாட்டச் சனமாயிருந்தும். அரசியலமைப்பின்படி இராஜினாமா சபாநாயகருக்கு எழுத்தில் போகவேண்டுமே!

ஆகவே அறிவிப்பா, கடிதமா, பதில் நியமனமும் கணக்கா என்று பாருங்கள். நேர வலயத்தையும்: காலக்கெடு அமெரிக்கக் கிழக்கு நேரமெனில் ஜூலையில் கொழும்பு ஒன்பதரை மணித்தியாலம் முந்தி.